எட்டாம் கேள்வி

பொதுக் கொள்கைத் துறையில் பயிற்சிக்குப் போனால் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று கல்லூரியில் எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். தரவுகளைப் பகுத்தாய்வீர்கள், முடிவெடுப்பவர்களோடு ஒரே மேஜையில் உட்காருவீர்கள், மக்களின் குரலை அதிகாரத்தின் காதுக்குக் கொண்டுபோவீர்கள் என்றார்கள். திரையில் பளபளவென்று ஒரு மேஜைப் படம்கூடக் காட்டினார்கள். நகல் எடுக்கும் இயந்திரத்தைப் பற்றி அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று மாதப் பயிற்சியில் பாதி நாட்கள் நான் அதோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

எங்கள் பிரிவு நகர நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஐந்து மேஜை, கதவு மூடாத ஓர் அலமாரி, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறக்கும் ஒரு ஜன்னல். தலைமை, மேடம். அந்தக் கட்டடத்தில் எத்தனையோ மேடம்கள் இருந்தார்கள். ஆனால் 'மேடம் கூப்பிடுறாங்க' என்றால் அது இவர்தான். அவருக்கு அடுத்து, இருபது வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மூத்த ஆய்வாளர். அவருக்கு முதுகுக்குப் பின்னால் அடிக்குறிப்பு என்று பெயர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்புப் போடாமல் அவரால் இருக்க முடியாது. டீ நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, 'இந்த வாரத்தைப் பொறுத்தவரைக்கும்' என்று ஒரு வால் சேர்ப்பார். அவருக்கும் கீழே, கதவோரத்தில் நான்.

என் அப்பா லேத் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறவர். பட்டறை முழுக்க என் புகழ் பாடி வைத்திருந்தார். 'என் சின்னப் பொண்ணு சட்டம் எழுதுற ஆபீஸ்ல இருக்கா' என்பதுதான் அவருடைய பதிப்பு. அக்காவிடம் அந்தப் பருப்பெல்லாம் வேகாது. "ஊரைத் திருத்துறது இருக்கட்டும், மொதல்ல குளிச்ச துண்டைக் காயப்போடு" என்பாள். பயிற்சி முடியும்போது மேடம் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் அதே பிரிவில் உதவி ஆய்வாளர் வேலை கிடைக்கும். கொடுக்காவிட்டால் ஒரு சான்றிதழும் வாழ்த்தும் கிடைக்கும். போன வருடம் பயிற்சியில் இருந்தவனுக்கு வாழ்த்துதான் கிடைத்ததாம். எனக்குக் கடிதம் வரும் என்று மேடமே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். காரணம், ரயில்வே கேட் வேலை.

எங்கள் நகரத்தை ரயில் பாதை இரண்டாக வெட்டுகிறது. மேற்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம். கிழக்கே வீடுகள், சிறு பட்டறைகள், நிறைய குழந்தைகள். நடுவில் ஒரு கேட். அதை நிரந்தரமாக மூடிவிட்டு, வடக்கே இருக்கும் மேம்பாலத்தைப் பயன்படுத்தச் சொல்லலாமா என்பதுதான் கேள்வி. மூடுவதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரானது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டைக் கடக்கிறீர்கள், எதற்காக, நடந்தா வண்டியிலா என்று முதல் ஆறும் விசாரிக்கும். தாளின் பின்பக்கத்தில் இருக்கும் ஏழாவது, மேம்பாலம் உங்களுக்கு வசதியா என்று கேட்கும். எட்டாவது, கேட்டை மூடுவதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா, உண்டென்றால் ஏன் என்று கேட்கும். அடியில் எழுதுவதற்கு ஒரு கட்டம்.

இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பது படிவங்கள் வந்தன. நகல் எடுத்தது நான். கிழக்குப் பக்கம் கேட் தெருவில் வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய் நிரப்பியது நான். ஒரே மதியத்தில் நாற்பது பேரை முடித்தேன். கணினியில் ஏற்றி அட்டவணை போட்டதும் நான். மேடம் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "வேலை தெரிஞ்ச பொண்ணு" என்றார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கேட்டை மூடுவதா என்று முடிவெடுக்கும் கமிட்டியின் கூட்டம் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. மேலே போகும் எதுவும் ஒரே பக்கம், நான்கு பத்தி, முதல் பத்தியில் ஓர் எண். கமிட்டி அந்த எண்ணைத்தான் படிக்கும். மற்ற மூன்று பத்திகளும் அதற்குத் துணைக்கு வந்தவை. குறிப்பு மேலே போவதற்கு முன் இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்புப் பார்க்க வேண்டும். ஒருவர் குறிப்பை உரக்க வாசிப்பார், மற்றவர் அட்டவணையில் விரல் வைத்து 'சரி, சரி' என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்று அடிக்குறிப்பு வாசித்தார், நான் விரல் வைத்தேன். மணி ஒன்பதே கால்.

"கருத்துத் தெரிவித்தோரில் நூற்றுக்கு எண்பத்தொரு பேருக்கு ஆட்சேபம் இல்லை."

"சரி."

"மேற்குப் பகுதி, படிவங்கள் எழுநூற்று இருபத்தெட்டு, ஆட்சேபம் இருநூற்றுப் பதினொன்று."

"சரி."

"கிழக்குப் பகுதி, படிவங்கள் நானூற்றுப் பன்னிரண்டு, ஆட்சேபம்..." அவர் நிறுத்தினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "பூஜ்யமா?"

"பூஜ்யம்தான் சார்."

"ஒருத்தர்கூட இல்லையா? நல்ல ஜனங்கதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

என் விரல் போகவில்லை. அந்த மேம்பாலத்தில் நான் ஒருமுறை நடந்திருக்கிறேன். கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. நடுவில் அறுபத்தைந்து படி. இறங்கும்போது முழங்கால் என்னிடம் நியாயம் கேட்டது. அந்த கேட்டை நம்பியே பிழைக்கிற கிழக்குப் பக்கத்தில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லையாம். வாரத்துக்கு ஒருமுறை கடக்கிற மேற்குப் பக்கத்தில் இருநூறு பேர் எதிர்க்கிறார்களாம். அட்டவணை போட்ட அன்றைக்கே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

ஒப்புப் பார்த்து முடித்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். குறிப்பு அட்டவணையோடு ஒத்துப்போனது. அட்டவணை படிவங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வழக்கம் எங்கள் பிரிவில் கிடையாது.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டாவது மாடியின் பழைய தாள் அறைக்குப் போனேன். கிழக்குப் பகுதிக் கட்டுகள் நான்கு, ரப்பர் பட்டை போட்டு என் கையெழுத்தோடு இருந்தன. முதல் கட்டைப் பிரித்து ஒரு தாளை எடுத்தேன். ஆறு கேள்வி, ஆறு பதில், எல்லாம் என் எழுத்து. திருப்பினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அடுத்த தாள், வெள்ளை. கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவினேன், வெள்ளை. மற்ற மூன்று கட்டுகளையும் பிரித்துப் பார்த்தேன், அவற்றிலும் வெள்ளை.

எல்லாம் ஞாபகம் வந்தது. கிழக்குப் பகுதிக்கு நகல் எடுத்த அன்று இயந்திரம் இரண்டு பக்கமும் அச்சடிக்கும்போது தாளைக் கசக்கிக் கசக்கித் துப்பியது. சரி, முதலில் முன்பக்கத்தை எடுப்போம், பிறகு தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தை எடுப்போம் என்று ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் பொத்தானை அழுத்தினேன். நானூற்றுச் சொச்சம் தாள் வந்து விழுந்தது. கிழக்கே கூட்டிப்போக வந்த ஆபீஸ் வண்டி டிரைவர் கீழே ஹாரன் அடித்தார். அள்ளிக்கொண்டு ஓடினேன். திருப்பிப் போட வேண்டும் என்பது என் மண்டையிலிருந்து சுத்தமாகக் கழன்றுவிட்டது. கேள்வியே இல்லாத கேள்விக்கு யார் பதில் எழுதுவார்கள்? போதாததற்கு, எங்கள் வழிகாட்டு விதியில் ஒரு வரி இருந்தது: பதில் அளிக்காதவர்கள் ஆட்சேபம் அற்றவர்களாகக் கருதப்படுவர். நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் நான் அந்த வரியின்படி ஆட்சேபம் அற்றவர்களாக ஏற்றியிருந்தேன்.

மணி ஒன்பது நாற்பது. ஐந்து தாள்களை உருவி எடுத்துக்கொண்டு படி ஏறினேன். யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் கூடவே ஏறியது. பொய் சொல்வானேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்று, இந்த ஐந்து தாளையும் திரும்பக் கட்டுக்குள் சொருகிவிட்டுப் போய்க் கதவோரம் உட்கார்ந்தால் என்ன என்று யோசித்தேன். எனக்குக் கடிதம் வரும். அப்பா பட்டறையில் தலை நிமிர்ந்து நடப்பார். கிழக்குப் பக்கத்துக் குழந்தைகள் அறுபத்தைந்து படி ஏறுவார்கள்.

அடிக்குறிப்பின் மேஜையில் ஐந்து தாளையும் கவிழ்த்து வைத்தேன். அவர் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தார்.

"எத்தனை?"

"கிழக்கு மொத்தமும் சார். நானூத்திப் பன்னெண்டு."

"யாரு நகல் எடுத்தது?"

"நான்தான்."

"ம்." பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். "மேடம்கிட்ட சொல்லும்மா. இப்பவே சொல்லு. நான் கேட்டதா இருக்க வேண்டாம்."

நான் எதிர்பார்த்தது திட்டு. மேடம் திட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை தேதி தப்பாகப் போட்டதற்கே காது கிழிந்தது. கதவைத் தட்டி உள்ளே போய், நின்றபடியே மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டு முடித்தார். ஐந்து தாளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"கதவை மூடு" என்றார்.

மூடினேன்.

"உட்காரு. இதுக்கு ஏன் இப்படி நடுங்குற?"

திட்டு வரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"விதி என்ன சொல்லுது? பதில் வரலைன்னா ஆட்சேபம் இல்லை. விதியை நான் எழுதல, நீயும் எழுதல. பதில் வரல, அவ்வளவுதானே?"

"கேள்வியே இல்ல மேடம்."

"தெரியுது." அவர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டார். "நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். போன வருஷம் அந்த கேட்ல ரெண்டு பேர் செத்திருக்காங்க. ஒருத்தன் ஸ்கூல் பையன். கேட் மூடியிருக்கும்போதே கீழ குனிஞ்சு போயிருக்கான். அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்துச்சு, போட்டோவோட. நான் எதையும் பொய்யா மூடச் சொல்லல. அது மூட வேண்டிய கேட். இன்னிக்கு இது தள்ளிப்போச்சுன்னா, அடுத்த வருஷம் வரைக்கும் யாரும் அந்த ஃபைலைத் தொட மாட்டாங்க."

அவர் சொல்வதில் உண்மை இருந்தது. அந்தப் புகைப்படத்தை நான் பார்த்ததில்லை, அவர் பார்த்திருக்கிறார். கெட்டவர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"அப்படியே விட்டுடலாம்னு சொல்லல" என்று தொடர்ந்தார். "அடிக்குறிப்புல போட்டுக்கலாம். மறைச்சதா ஆகாது. போய் அவர்கிட்ட சொல்லு. அப்புறம், உன் லெட்டர் டைப் ஆகி இந்த டிராயர்ல இருக்கு. கமிட்டி முடிஞ்சதும் கையெழுத்து போட்டுத் தர்றேன்."

மிரட்டலாக அவர் அதைச் சொல்லவில்லை. ஒரே மூச்சில், அடுத்த வேலையைச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அடிக்குறிப்பு பத்து நிமிடத்தில் எழுதி முடித்தார். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பக்கத்தின் அடியில், எறும்பு வரிசையாகப் போவதைப் போன்ற எழுத்தில், மூன்றாவது குறிப்பாக அது வந்து உட்கார்ந்தது: 'நடைமுறைக் காரணங்களால் சில படிவங்களில் 7, 8 ஆகிய வினாக்கள் முழுமையாக இடம்பெறவில்லை.' சில என்றால் நானூற்றுப் பன்னிரண்டு. முழுமையாக இல்லை என்றால் சுத்தமாக இல்லை. ஒரு சொல்லைக்கூடப் பொய் என்று கைவைக்க முடியாது. பதினைந்து பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஒரு பக்கம்தானே, இயந்திரம் சமர்த்தாக வேலை செய்தது.

பத்து நாற்பதுக்கு அப்பா கூப்பிட்டார். பின்னால் லேத் ஓடும் சத்தம்.

"என்னம்மா, லெட்டர் கைக்கு வந்துச்சா?"

"இன்னும் இல்லப்பா. மீட்டிங் இருக்கு."

"சரி சரி. பெரிய இடம், அவங்க நேரத்துக்குத்தான் தருவாங்க. பட்டறை சூப்பர்வைசர் கேட்டுக்கிட்டே இருக்காரு. அவரு பையனுக்கும் அங்க ஏதாவது பயிற்சி கிடைக்குமான்னு உன்கிட்ட விசாரிக்கச் சொன்னாரு."

"அப்பா, ஒருவேளை லெட்டர் வரலைன்னா..."

"வராம என்ன? நீ என்ன தப்பா பண்ணிட்ட?" சிரித்தார். யாரோ கூப்பிட்டார்கள் போல, வைத்துவிட்டார். அவர் சிரித்த சிரிப்பு என் காதிலேயே நின்றது. அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு நம்பச் சொன்னது யார்?

கமிட்டி அறையில் கல்லூரித் திரையில் பார்த்த அதே மேஜை இருந்தது. பளபளப்பு இல்லை, ஒரு ஓரத்தில் பலகை பிய்ந்திருந்தது. அதைச் சுற்றி ஏழு நாற்காலி. பயிற்சியில் இருப்பவர்களுக்கு அந்த மேஜையில் இடம் இல்லை. சுவரோரம் ஒரு வரிசை, அதில் உட்கார்ந்து கேட்கலாம், தாள் கொடுக்கச் சொன்னால் எழுந்து கொடுக்கலாம். வாய் திறக்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டாத விதிதான் அங்கே ஒழுங்காக நடந்தது.

தலைவர் கனத்த மனிதர். அன்று அவருக்கு ஜலதோஷம் வேறு. கைக்குட்டையை வைத்துக்கொண்டே ஒவ்வொரு பொருளாக முடித்தார். முதல் மூன்றும் இருபது நிமிடத்தில் முடிந்தன. நான்காவது நாங்கள். நான் பிரதிகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டு போனேன். ரயில்வேயிலிருந்து வந்த இன்ஜினியர் தாளைப் பார்க்காமலே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் முதல் பத்தியில் விரல் வைத்தார்.

"எண்பத்தொண்ணு. நல்லது. இவ்வளவு ஆதரவு வரும்னு நான் நினைக்கல." மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க."

"நன்றி சார்" என்றார் மேடம். அவர் குரல் கொஞ்சம் வறண்டிருந்தது.

"யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?"

ஏழு நாற்காலியையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அடிக்குறிப்பு தன் தாளின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். தலைவர் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா தாளைத் தொடுவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது எனக்கே தெரிந்தது. நாற்காலி சுவரில் இடித்துச் சத்தம் போட்டது.

"ஐயா, மூணாவது அடிக்குறிப்பைக் கொஞ்சம் படிங்க."

அறையில் எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது. மேடத்தின் தலை மட்டும் திரும்பவில்லை.

"நீங்க யாரும்மா?"

"பயிற்சியில இருக்கேன் ஐயா. கொள்கை ஆய்வுப் பிரிவு."

தலைவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார், பிறகு தூரமாகக் கொண்டுபோனார். "இதை மனுஷன் படிக்க முடியுமா? நீயே படி."

படித்தேன். 'முழுமையாக' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்திப் படித்தேன்.

"முழுமையா இடம்பெறலைன்னா என்ன அர்த்தம்?"

"அச்சாகவே இல்ல ஐயா. கிழக்குப் பக்கத்துப் படிவம் எல்லாத்துலயும் பின்பக்கம் வெத்தா இருந்துச்சு. ஆட்சேபம் உண்டாங்கிற கேள்வி அதுலதான் இருந்திருக்கணும். நகல் எடுத்ததும் அங்க கேட்கப் போனதும் நான்தான். தப்பு என்னோடது."

"எத்தனை பேரு?"

"நானூத்திப் பன்னெண்டு பேரு."

"அவங்கள்ல எத்தனை பேருக்கு ஆட்சேபம்?"

"தெரியாது ஐயா."

"அங்க போயிருந்தியே. யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லைங்க ஐயா. நாங்க கேட்கவே இல்லையே" என்றேன். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தலைவர் பேனாவை மூடினார். மேடத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"பொண்ணு சொல்றது சரிதான் சார்" என்றார் மேடம். "குறிப்புல அது இன்னும் தெளிவா இருந்திருக்கணும்."

மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். கிழக்குப் பக்கம் முழுக்க மறுபடி கேட்டுவிட்டு வரச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் ஐந்தாவது பொருளுக்குப் போய்விட்டார்கள். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். உட்காரலாமா என்று தெரியவில்லை.

நடைபாதையில் மேடம் எனக்காக நின்றார்.

"திரும்ப என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே மேடம். கேள்வியே இல்லன்னு."

அவர் படி ஏறிப் போனார். கடிதம் பற்றி அவர் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. டிராயர் அவர் அறையில் அதே இடத்தில் இருந்தது, நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தாள்களைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடிக்குறிப்பு மட்டும் ஒருமுறை என் மேஜையருகே நின்று, "நல்லா படிச்ச. என் அடிக்குறிப்பை யாரும் சத்தமா படிச்சதே இல்ல" என்றார். பாராட்டா குத்தலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் சொன்னேன். அக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "சூப்பர்வைசர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று டி.வி.யைப் பார்த்தே கேட்டார்.

ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: உள்ளுக்குள் நான் குளிர்ந்துதான் போயிருந்தேன். வேலை போனாலும் பரவாயில்லை, வாயில்லாத நானூறு பேருக்கு நான் வாய் கொடுத்தேன் என்று ஒரு நினைப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நாற்காலி சுவரில் இடிக்கும் சத்தம் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும்.

அடுத்த திங்கட்கிழமை புதுப் படிவங்களோடு கேட் தெருவுக்குப் போனேன். இரண்டு பக்கமும் அச்சாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்துத்தான் பையில் வைத்திருந்தேன். கேட் மூடியிருந்தது, சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. கேட்டை ஒட்டி ஒரு முடி திருத்தும் கடை, ஒற்றை நாற்காலி. அதில் இருந்தவருக்குக் கடைக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளே போய்ப் படிவத்தை நீட்டி, "ரயில்வே கேட் சம்பந்தமா ஒரு சின்னக் கணக்கெடுப்புங்க" என்று ஆரம்பித்தேன்.

அவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். முன்பக்கத்தைப் படிக்கவே இல்லை. திருப்பினார். எட்டாம் கேள்வியை உதடு அசையப் படித்தார்.

"இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

"யார்கிட்டங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். "உன்கிட்டதான்ம்மா. இதோ இதே இடத்துல நின்னுட்டிருந்த. பொண்ணுக்கு ரெண்டு காலும் சரியில்ல, ஊன்றுகோல்லதான் நடக்கிறா, காலையிலயும் சாயங்காலமும் கடையைச் சாத்திட்டு நான்தான் கேட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன், இதை மூடினா அந்தப் பாலத்துல அவ எப்படி ஏறுவான்னு கேட்டேன். நீ எல்லாத்துக்கும் தலையாட்டின. அப்புறம், 'சரிங்க, அப்ப ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடப்பீங்க'ன்னு கேட்ட. நாலுன்னேன். நாலுன்னு எழுதிக்கிட்டுப் போயிட்ட."

அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். கடை ஞாபகம் வந்தது, கண்ணாடியில் இருந்த விரிசல் ஞாபகம் வந்தது. அவர் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அன்று மதியம் நாற்பது பேர். என்னிடம் ஆறு கேள்வி இருந்தது, ஆறு பதில் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். கமிட்டி அறையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் நிமிர்ந்து நின்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"மன்னிச்சுக்கங்க" என்றேன். "சொல்லுங்க, இப்ப எழுதிக்கிறேன்."

"வேண்டாம்மா." தாளை என் கைக்கு எட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "இந்தத் தடவை நானே எழுதுறேன். பேனாவை மட்டும் குடு."

கொடுத்தேன். அவர் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில் சீப்புகளை ஒதுக்கிவிட்டு, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுத ஆரம்பித்தார். கட்டம் நிரம்பியதும் ஓரத்தில் எழுதினார். நாற்காலியில் இருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு காத்துக்கொண்டிருந்தார், நானும் காத்துக்கொண்டிருந்தேன்.